முழங்கால் வலி உள்ள அம்மாவோடு துறைமுகக் கரையில் ஒரு காலை நடை

கேள்வி: வெளிநாட்டில் ஒரு துறைமுக நகரத்தில் எங்களுக்கு அரை நாள் கிடைக்கிறது. தண்ணீரை ஒட்டிய நடைபாதையில் நடக்க ஆசை. என்னோடு 67 வயது அம்மாவும் 9 வயது மகனும் வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், படி இறங்கத்தான் சிரமம். சுற்றுலா வரைபடத்தில் 6 கிலோமீட்டர் பாதையை 'எளிய நடை' என்று போட்டிருக்கிறார்கள். நம்பிப் போகலாமா? எந்த நேரம் நல்லது?

பதில்: 6 கிலோமீட்டர் வேண்டாம். அந்தப் பாதையிலேயே நல்லதாக 2 கிலோமீட்டரைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அம்மாவுக்கும் பையனுக்கும் அதுவே நிறைவான நடையாக இருக்கும்.

வரைபடத்தில் 'எளிது' என்று எழுதினால் பெரும்பாலும் ஏற்ற இறக்கம் இல்லை என்றுதான் பொருள். துறைமுகக் கரை தட்டையாகத்தான் இருக்கும். சரக்கு இறக்கவும், கிரேன் நகரவும், தண்டவாளம் போடவும் அப்படிக் கட்டினார்கள். 1956-ல் அமெரிக்காவில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கன்டெய்னர்களோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் கன்டெய்னர் கப்பல்கள் பெருத்தன, பெட்டிகளை அடுக்கப் பரந்த இடம் தேவைப்பட்டது, துறைமுக வேலை நகரத்துக்கு வெளியே நகர்ந்தது. நடு ஊரில் சும்மா கிடந்த பழைய துறைகளைத்தான் பல நகரங்கள் நடைபாதை ஆக்கின. ஆக, நீங்கள் நடக்கப்போவது சரக்குக்காகப் போட்ட தரை. நிழலும் பெஞ்சும் பிற்பாடு சேர்த்தவை. சில இடத்தில் தாராளமாக இருக்கும், சில இடத்தில் அரைக் கிலோமீட்டருக்கு ஒன்றுகூட இருக்காது.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. ஊர்த் தெருவில் கால் வலித்தால் எந்தப் பக்கமும் திரும்பலாம், வண்டி பிடிக்கலாம். துறைமுகக் கரையில் ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் பல இடங்களில் பழைய கிடங்கின் நீண்ட சுவரோ வேலியோ. நடுவில் மாட்டிக்கொண்டால் முன்னால் போகவேண்டும், இல்லை வந்த வழியே திரும்பவேண்டும். அதனால் முந்தின நாளே செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, பாதையிலிருந்து சாலைக்கு வெளியேறும் வழிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெஞ்சுகளும் கழிப்பறையும் எங்கே என்று பாருங்கள். 400, 500 மீட்டருக்கு ஒரு முறை உட்காரவும் வெளியேறவும் முடிகிற பகுதிதான் உங்களுக்கான பகுதி. அது வரைபடத்தில் முதலில் வருவதாக இருக்கவேண்டியதில்லை, பாதையின் நடுவிலும் இருக்கலாம்.

போன வழியே திரும்பும் நடையை நான் பரிந்துரைப்பதில்லை. 1 கிலோமீட்டர் தாண்டியதுமே திரும்புகிற தூரம் மனதில் உட்கார்ந்துகொள்ளும். பயணிகள் படகு இருக்கும் ஊராக இருந்தால் ஒரு வழி படகு, ஒரு வழி நடை என்று வையுங்கள். சிட்னியில் சர்குலர் கீயிலிருந்து படகில் பரங்காரு போய், வால்ஷ் பே வழியாகத் துறைமுகப் பாலத்தின் அடியில் நடந்து திரும்பலாம். பாஸ்டனில் லாங் வார்ஃபிலிருந்து சார்ல்ஸ்டவுனின் பழைய கடற்படைத் தளத்துக்குப் படகு உண்டு. 1797-ல் நீரில் இறக்கிய 'கான்ஸ்டிடியூஷன்' என்ற பாய்மரப் போர்க்கப்பல் அங்கே நிற்கிறது, மகனுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

படகை முதலில் வையுங்கள், நடையைப் பிறகு. பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள். நானும் ஒரு முறை அப்படித்தான் ஒரு குழுவை முதலில் நடத்திக் கூட்டிப்போனேன். மாலையில் காற்று வலுத்துப் படகு நின்றுவிட்டது. களைத்துப்போன ஒரு பெரியவரை அதே பாதையில் திரும்ப நடத்தி அழைத்துவரவேண்டியதாயிற்று. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, எனக்குத்தான் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. படகில் முதலில் போய்விட்டால் கடைசிப் படகைப் பற்றிய பதற்றம் இல்லை. நடக்கும் ஒவ்வொரு அடியும் தங்கும் இடத்தை நோக்கியே இருக்கும்.

அம்மாவின் முழங்காலுக்கு உண்மையான சோதனை நடைபாதையில் இல்லை, படகுத்துறையில் இருக்கிறது. பல இடங்களில் படகு வந்து நிற்பது மிதக்கும் மேடையில். கரையிலிருந்து அதற்கு ஒரு சாய்வுப் பாலம் இறங்கும். கடல்மட்டம் ஏறியிருக்கும்போது அந்தப் பாலம் ஏறக்குறைய சமமாக இருக்கும். வற்றியிருக்கும்போது மேடை கீழே போய்விடும், பாலம் செங்குத்தாகச் சரியும். அம்மாவுக்குச் சிரமம் இறங்குவதில்தானே? அதனால் கடல் ஏறியிருக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னோ பின்னோ படகு ஏறுகிற மாதிரி பாருங்கள். கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றுதலும் கூடுதல். ஊருக்கு ஊரும் வித்தியாசம் உண்டு: பாஸ்டனில் சராசரியாக 3 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும், சிட்னியில் பெரும்பாலும் 2 மீட்டருக்குள் நிற்கும், மத்தியதரைக் கடலின் பெரும்பாலான துறைமுகங்களில் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

நேரம் என்று கேட்டால், காலைதான். வெயில் ஏற ஏறத் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். அங்கே காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசும். தெளிந்த வானம் உள்ள நாளில் இது முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் வலுக்கும். காலையில் நீர் அமைதியாக இருக்கும், படகும் ஆடாது. ஆனால் சூரியன் தாழ இருக்கும்போது தண்ணீரிலிருந்து கண்ணுக்கு அடிக்கும் கூச்சம் அதிகம். வயதானவர்களுக்கு அந்தக் கூச்சத்தில் படி விளிம்பு தெரியாமல் போகும். முடிந்தால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி திசையை அமையுங்கள். அம்மாவுக்கு விளிம்பு வைத்த தொப்பியும் போலராய்டு கண்ணாடியும் கொடுங்கள். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியைச் சாதாரணக் கறுப்புக் கண்ணாடியைவிட அது நன்றாகத் தடுக்கும்.

தரையைப் பற்றி நான்கு விஷயம் சொல்லிவிடுகிறேன். பழைய துறைகளில் கருங்கல் பாவிய தரை இருக்கும், அது கணுக்காலை ஆட்டும். பக்கத்தில் சிமென்ட் பாதை இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மரப்பலகைத் தளம் முழங்காலுக்கு இதம், ஆனால் ஈரமானால் வழுக்கும். பதித்த தண்டவாளங்களை நேர்க்குறுக்கே கடக்கவேண்டும், சாய்வாகப் போனால் கைத்தடியின் நுனி பள்ளத்தில் மாட்டும். தண்ணீருக்குள் இறங்கும் படிகளில் பச்சை படிந்திருந்தால், அது எவ்வளவு காய்ந்து தெரிந்தாலும் ஒருவரும் கால் வைக்கவேண்டாம்.

மகனை எப்போதும் நிலத்துப் பக்கம் நடக்கவையுங்கள். துறை விளிம்பில் பல இடங்களில் கம்பித் தடுப்பு இருக்காது. கப்பலைக் கட்டியிருக்கும் கயிறு விறைப்பாக இருந்தால் அதன் அருகே நிற்கவே கூடாது. அறுந்தால் சாட்டை போல எகிறி ஆளையே கொல்லக்கூடியது. அந்தக் கயிறு கட்டும் இரும்புத் தூண், உட்காரச் சொல்லி அழைப்பதுபோல் இருக்கும். கயிறு கட்டியிருந்தால் அதில் யாரும் உட்காரக் கூடாது.

அப்புறம், மகனின் ஆர்வத்தையே அம்மாவின் ஓய்வாக்கிவிடலாம். சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதைக் குறுக்காக வெட்டும் கோடும் இருக்கும். அதிகச் சுமை ஏற்றி மாலுமிகளைச் சாகவிட்ட கப்பல்களுக்கு எதிராகப் போராடியவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால். 1876-ல் வந்த சட்டத்தால் பிரிட்டனில் கட்டாயமான அந்தச் சுமைக் குறிக்கு அவர் பெயரே நிலைத்தது. அருகில் ஏணிப்படி போல வேறு கோடுகளும் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு வகை நீருக்கு. வெதுவெதுப்பான நன்னீர் குளிர்ந்த உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது, அதில் கப்பல் ஆழமாக அமிழும். எந்தக் கோடு எதற்கு என்று அவன் கண்டுபிடிக்கட்டும். கட்டுக் கயிறுகளில் தட்டு மாதிரி வட்டத் தகடு மாட்டியிருந்தால், கயிற்றில் நடந்து கப்பலுக்குள் ஏறும் எலிகளைத் தடுக்கத்தான் என்று சொல்லுங்கள். அடுத்த பத்து நிமிடம் அவன் எலியைத் தேடிக்கொண்டிருப்பான், அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

உட்கார்ந்து எழுந்ததும் முதல் இருபது அடி மெதுவாகப் போங்கள், மூட்டு அப்போதுதான் இறுகியிருக்கும். வலிக்கிறதா என்று கேட்டால் அம்மா இல்லை என்றுதான் சொல்லுவார். அவர் பேச்சு குறைகிறதா, படி வந்ததும் கைப்பிடியைத் தேடுகிறாரா என்று கவனியுங்கள். அப்படியானால் நீங்கள் குறித்து வைத்த அடுத்த வழியில் சாலைக்கு ஏறி வண்டி பிடித்துவிடுங்கள், பாதையில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி.