மொய் நோட்டும் ராஜினாமா கடிதமும்

வணக்கம் ஐயா,

எனக்குச் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நண்பன் ஒருவனோடு சேர்ந்து சொந்தமாகத் தொழில் தொடங்கலாம் என்று கொஞ்சம் பணமும் சேர்த்துவிட்டேன். வேலையை விடப்போவதாக அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. பீரோவைத் திறந்து மொய் நோட்டை எடுத்து வைத்தார். எங்கள் வீட்டுக் கடைசி மொய் விருந்தில் வந்த பணத்தில்தான் தங்கை கல்யாணம் நடந்தது, தோப்பில் போர் போட்டோம். திருப்பிச் செய்ய வேண்டிய வீடுகள் இன்னும் பாதிக்கு மேல் இருக்கின்றன. "இந்த ஆடி ஆவணியும் அடுத்த ஆடி ஆவணியும் போகட்டும், அதுவரைக்கும் உன் சம்பளம் வேணும்" என்கிறார்.

வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கணக்குப் போட்டால் கொடுக்கிறவனுக்கு நஷ்டம். படித்தவர்கள்கூட இதற்குக் கட்டுப்படுவது ஏன்? மனிதன் லாப நஷ்டம் பார்த்துத்தான் முடிவெடுப்பான் என்று படித்ததெல்லாம் பொய்யா? இதிலிருந்து நான் வெளியே வர நினைப்பது தப்பா?

அன்புடன்,
கா.

*

அன்புள்ள கா.,

உங்கள் அப்பா கேட்பது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். அதே சமயம், அடுத்த சுற்றுக்கும் நீங்கள் தலையைக் கொடுக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஏன் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன். மற்ற ஊர் வாசகர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்யாண வீட்டில் மொய் எழுதுவது தமிழ்நாடு முழுக்க உள்ளது. தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணி, புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் அது தனி ஏற்பாடாகவே வளர்ந்திருக்கிறது. கொடுத்த மொய்யை யாரும் போய்க் கேட்க முடியாது. நம் வீட்டில் ஒரு விசேஷம் வைத்தால்தான் அது திரும்பி வரும். கல்யாணமோ காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ இல்லாத வீடு என்ன செய்யும்? அதற்காகவே ஏற்பட்டது மொய் விருந்து. சாப்பாட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்ளப் பல வீட்டுக்காரர்கள் சேர்ந்து, பெரும்பாலும் ஆடி ஆவணி மாதங்களில், ஒரே பந்தலில் கறி விருந்து போடுவார்கள். ஆளுக்கொரு மொய் மேசை, ஆளுக்கொரு நோட்டு. ஒரு வீடு விருந்து வைத்தால் மறுபடி வைக்கப் பொதுவாக 5 வருடம் ஆகும். வாங்கியதைத் திருப்பிச் செய்யும்போது அதற்கு மேல் ஒரு தொகையையும் சேர்த்து எழுதுவார்கள். அந்த மேல் தொகைதான் புது மொய். கணக்கு அறுந்துபோகாமல் வைத்திருப்பது அதுதான்.

இப்போது உங்கள் நஷ்டக் கணக்குக்கு வருவோம். 10,000 ரூபாயை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டிருந்தால் 5 வருடத்தில் 14,000 ஆகியிருக்கும். மொய்யில் அந்த 4,000 போனது உண்மை. ஆனால் நீங்கள் கொடுக்கிறவன் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறீர்கள். வாங்கிய பக்கத்திலிருந்து பாருங்கள். தோப்பில் போர் போட உங்கள் அப்பா வெளியே கடன் வாங்கியிருந்தால், நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டாலும், 5 லட்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் வட்டி மட்டுமே கட்டியிருக்க வேண்டும். 5 வருடத்தில் வட்டியே அசலைத் தாண்டிவிடும். அடமானம் இல்லாமல், ஜாமீன் கையெழுத்து இல்லாமல், ஒரே நாளில் மொத்தமாகப் பணம் வருகிறது. சொந்த நிலத்தின் பட்டாவை வைத்துக்கொண்டும் வங்கி வாசலில் அலைந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும்.

பத்திரம் இல்லாமல் எப்படித் திரும்பி வருகிறது? கொடுத்த கடனுக்கு நீதிமன்றம் போக, காலவரையறைச் சட்டப்படி பொதுவாக 3 வருடம்தான் கெடு. மொய்யின் சுற்றோ 5 வருடம். சட்டம் கைவிடும் காலத்துக்குப் பிறகும் பணம் திரும்பி வருகிறது என்றால், அதை வரவழைப்பது வேறொன்று. கடைத்தெருவில் எதிரே வரும் முகம், பெண் எடுக்கப் போகிற இடத்தில் நடக்கும் விசாரிப்பு, உரத்தை ஒரு போகம் கடனுக்குக் கொடுக்கும் கடைக்காரர், அறுப்புக்கு முதல் நாளே வண்டி அனுப்புகிற பக்கத்து வீட்டுக்காரர். மொய் செய்யாத வீடு இவ்வளவையும் சேர்த்து இழக்கிறது. ஆகவே மனிதன் லாப நஷ்டம் பார்ப்பான் என்று நீங்கள் படித்தது பொய்யில்லை. கணக்கில் எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்பதைத்தான் உங்கள் பாடம் சொல்லித் தரவில்லை. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1985-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் வாதிட்டார். மனிதன் தனியாக உட்கார்ந்து கணக்குப் போடுகிறவனும் இல்லை, ஊர் சொன்னபடி ஆடுகிறவனும் இல்லை, நடப்பில் இருக்கும் உறவுகளுக்கு நடுவே நின்று முடிவெடுக்கிறவன் என்றார். உங்கள் அப்பா அப்படித்தான் முடிவெடுத்திருக்கிறார்.

இதன் பலம் எங்கே முறியும் என்பதையும் உங்கள் ஊர் பார்த்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் வரை தென்னை வேரோடு சாய்ந்தது. நாட்டுத் தென்னை நட்டால் காய்ப்புக்கு வர 5 முதல் 7 வருடம் ஆகும். இதை மொய்ச் சுற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017-ல் விருந்து வைத்துப் பணம் வாங்கிய ஒருவர், 2018-ல் தோப்பை இழந்து, புதுக் கன்று பாளை விடும் முன்னாலேயே முழுத் தொகையையும் திருப்பிச் செய்தாக வேண்டும். திருப்பி வாங்க வேண்டியவரின் தோப்பும் அதே இரவில்தான் விழுந்தது. உறவுக்குள் நடக்கும் கடனின் பெரிய பலவீனம் இது: எல்லோரும் ஒரே மண்ணில், ஒரே பயிரில் நிற்கிறார்கள். அடி விழுந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் விழுகிறது. பிறகு 2020-ல் கொரோனா வந்து கூட்டமே கூடக் கூடாது என்றானது. அப்படிப்பட்ட வருடங்களிலும், மொய் செய்வதற்காக வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைக்கிறார்கள். வட்டியில்லாத கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவது எவ்வளவு கொடுமை! இதை முறை என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. நோட்டு பெரும்பாலும் ஆண் பெயரில் ஓடுகிறது. அவர் காலமானால், திருப்பிச் செய்ய வேண்டிய பக்கம் முழுசாக மனைவி தலையில் இறங்கும். வர வேண்டிய பக்கமோ அப்படியே வருவதில்லை, ஏனென்றால் விருந்து வைத்து நாலு பேரை அழைத்து நடத்த அந்த வீட்டில் ஆள் வேண்டும். பல ஊர்களில் சாதி தாண்டியும் மொய் நடக்கிறது என்பது நல்ல விஷயம். ஆனால் இவர்களால் திருப்பிச் செய்ய முடியாது என்று ஊர் முடிவு கட்டிவிட்ட கூலி வீடுகளுக்குப் பத்திரிகை போவதில்லை. பணம் மிக அவசியமாகத் தேவைப்படுகிறவர்கள் அந்தப் பந்தலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

அவர்களைத் தேடித்தான் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. இங்கே உங்கள் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1976-ல் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கி, 1983-ல் கிராமீன் வங்கியாக வளர்த்த முறையின் ஆணிவேரே அக்கம்பக்கத்து உறவுதான். பெண்கள் குழுவாகச் சேர்வார்கள், ஒருத்தி தவறினால் மற்றவர்களுக்கும் அடுத்த கடன் சிக்கலாகும். அந்த முறையின் நகல்கள் இங்கே லாப நோக்கில் ஓடத் தொடங்கியபோது என்ன நடந்தது? தவணை நாளில் வசூல்காரர் ஒரு வீட்டில் உட்கார்ந்துகொள்வார். பணம் வரும்வரை குழுவில் யாரும் எழுந்து போக முடியாது. அப்புறம் குழுப் பெண்களே தவறியவளின் வாசலில் போய் நின்று சத்தம் போடுவார்கள். 2010-ல் ஆந்திராவில் தற்கொலைகள் நடந்து, அரசு அவசரச் சட்டம் கொண்டுவரும் அளவுக்குப் போனது. கடன் வசூலில் மிரட்டல், வற்புறுத்தலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடும் தனிச் சட்டம் இயற்றியது.

மொய்யிலும் அவமானம்தான் வசூல்காரர், நுண்கடனிலும் அதே அவமானம்தான். ஆனால் மொய்யில் இன்று உங்களிடம் எதிர்பார்க்கிறவர், நேற்று உங்கள் வீட்டு மேசையில் பணம் வைத்தவர். நாளைக்கு அவர் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். கஜா மாதிரி ஒன்று வந்தால் அவருக்கும் அதே இழப்பு என்பதால், பலர் வாயைத் திறக்காமல் ஒரு வருடம் பொறுத்துக்கொள்வார்கள். நுண்கடனில் நிறுவனம் அந்தத் தெருவில் வாழ்வதில்லை. தெருவுக்குள் இருக்கும் வெட்கத்தையும் பயத்தையும் செலவில்லாமல் எடுத்துப் பயன்படுத்துகிறது. தவணை வந்துவிடும், கெட்டுப்போன உறவு மட்டும் அந்தப் பெண்களிடம் மிஞ்சும். எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: நெருக்குகிறவர் தானும் அதே நெருக்கடிக்குள் நிற்கிறாரா? நம் அலுவலகங்களில் 'நாம் எல்லாம் ஒரே குடும்பம்' என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்குகிறவர்களையும் இதே கேள்வியால் அளந்து பார்க்கலாம்.

சரி, உங்கள் தொழிலுக்கு வருகிறேன். ஊரில் ஹார்டுவேர் கடை போட்டவருக்கும், கொப்பரைத் தேங்காய் வியாபாரம் தொடங்கியவருக்கும், லாரி வாங்கியவருக்கும் மொய்ப் பணம் முதலாகியிருக்கிறது. சென்னையில் நீங்கள் தொடங்கப்போகும் தொழிலுக்கு மட்டும் அது ஏன் குறுக்கே நிற்கிறது? ஊர்க் கடையை எல்லோரும் பார்க்கிறார்கள். கொடுத்தவர்களே அதன் வாடிக்கையாளர்கள். ஓடுகிறதா, ஈ ஓட்டுகிறதா என்று தினமும் தெரியும். உங்கள் தொழில் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது உங்கள் மாதச் சம்பளம் ஒன்றுதான். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் உங்கள் அப்பா நாலு பேரிடம் தைரியமாகக் கை நீட்டியிருக்கிறார். மொய் ஓடும் ஊர்களில் மகனை அரசு வேலைக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பத் துடிப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு. ஏறி இறங்கும் வருமானம் நோட்டுக்கு ஒத்துவராது. எத்தனை இளைஞர்கள் தங்களுக்குப் பொருந்தாத வேலையில் இதற்காகவே காலம் தள்ளுகிறார்கள் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வெளியே வருவது தப்பில்லை. அதற்கு வழி அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. வாங்கிய தொகையை மட்டும் திருப்பிச் செய்து, மேலே புது மொய் எழுதாவிட்டால் அந்த வீட்டோடு கணக்கு முடிந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஒருநாள் ஊருக்குப் போய் அப்பாவோடு உட்காருங்கள். நோட்டில் நாம் வாங்கியது எவ்வளவு, நாம் புதிதாகக் கொடுத்து இன்னும் வராதது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். வாங்கியதை ஒரு ரூபாய் பாக்கி இல்லாமல் திருப்பிச் செய்யுங்கள். அது தங்கையின் கல்யாணம், தோப்பின் தண்ணீர், கடன் அடைபட வேண்டும். வர வேண்டியது கணிசமாக இருந்தால், கடைசியாக ஒரு விருந்து வைத்து வசூலித்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பதை அப்பாவும் அம்மாவும் முடிவு செய்யட்டும். அந்த ஊரில் வாழப்போகிறவர்கள் அவர்கள்தான்.

எந்தெந்த உறவைத் தொடர்வது என்றும் அவரிடமே கேளுங்கள். எல்லாவற்றையும் அறுக்க வேண்டியதில்லை. அப்படித் தொடரும் வீடுகளின் பட்டியலை அம்மாவும் முழுசாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், முடிந்தால் நோட்டில் அம்மா பெயரும் ஏற வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நண்பரிடம் இதை மறைக்க வேண்டாம். இரண்டு ஆவணி என்பது உங்கள் அப்பா குத்துமதிப்பாகச் சொன்ன கெடு. பிரித்து எழுதிப் பார்த்தால் அது ஒரே ஆவணியாகக் குறையலாம். அதற்குள் வார இறுதிகளில் முதல் வாடிக்கையாளரைத் தேடத் தொடங்கலாம், உங்கள் வேலை ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்