தெருமுனை மழைநீர் வடிகாலை நாங்களே சுத்தம் செய்யலாமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் குடியிருக்கிறோம். அரை மணி நேர மழைக்கே தெருமுனையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றுவிடுகிறது. வடிகாலின் மூடியைத் திறந்து நாங்களே தூர்வாரலாமா?

பதில்: மூடியைத் திறக்காதீர்கள், தண்ணீர் இறங்கும் வடிகால் வாயை மட்டும் சுத்தம் செய்யுங்கள். கழிவுநீர் கலந்திருக்கும் வடிகாலுக்குள் நச்சு வாயு தேங்கியிருக்கக்கூடும் என்பதால், உள்ளே இறங்கித் தூர்வாருவது உயிருக்கே ஆபத்தானது. அது மாநகராட்சி இயந்திரம் வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

ஆனால் தெருமுனையில் தண்ணீர் நிற்பதற்குப் பல சமயம் வடிகால் நிரம்பியிருப்பது காரணமல்ல. நனைந்த வேப்பிலையும் பூவரசு இலையும் வடிகால் வாயிலுள்ள கம்பிச் சல்லடைமேல் அப்பளம்போல் ஒட்டிக்கொள்ள, அதன்மேல் ஒரு பால் பாக்கெட் உறை வந்து படிந்தால் போதும், வழி முழுவதும் அடைபட்டுவிடும். கையுறை அணிந்து, வாரியால் அவற்றை வெளிப்பக்கமாக இழுத்து எடுங்கள். துடைப்பத்தால் உள்ளே தள்ளிவிடும் பழக்கம்தான் பெரும் கேடு. தள்ளிய குப்பை கண்ணுக்கு மறைகிறதே தவிர, அடுத்த வளைவில் அடைத்துக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பதால், செப்டம்பரிலிருந்தே வாரம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

பாதாளச் சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் வடிகாலுக்கு அப்படி ஓர் இடைநிலை கிடையாது. உங்கள் பகுதியின் மழைநீர் வீராங்கல் ஓடை போன்ற கால்வாய்கள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியே கடலுக்குப் போகிறது. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியை 2022இல் பெற்ற அந்தச் சதுப்புநிலத்துக்கு, நீங்கள் தெருவில் ஊற்றும் வண்டி எண்ணெயும் சிமென்ட் கழுவிய நீரும் அப்படியே போய்ச் சேரும். வீடு கட்டுவோர் சாலையோரம் கொட்டும் மணலுக்குச் சுற்றிலும் செங்கல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். வடிகாலுக்குள் ஒருமுறை படிந்த மணலை அடுத்த மழை எளிதில் நகர்த்துவதில்லை.

வெயில் காலத்திலும் வடிகாலில் நீரோட்டமும் துர்நாற்றமும் இருந்தால், யாரோ வீட்டுக் கழிவுநீர் இணைப்பை அதில் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். சல்லடையைச் சுத்தம் செய்த பிறகும் நீர் இறங்காவிட்டாலும், இப்படிக் கழிவுநீர் ஓடினாலும், தெருவின் பெயரையும் அருகிலுள்ள கதவு எண்ணையும் குறிப்பிட்டு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்து, பதிவு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.