மான்செஸ்டர் யுனைடெட்டில் சோபிக்காத ஃபால்காவோவை ஏன் இன்னும் பெரிய ஸ்ட்ரைக்கர் என்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்துக் கணக்கை மட்டும் கொடுத்திருக்கிறார். யுனைடெட்டில் 26 லீக் ஆட்டங்கள், 4 கோல். அடுத்த சீசன் செல்சியில் 10 லீக் ஆட்டங்கள், ஒரே ஒரு கோல். எண்கள் சரிதான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் மட்டும் பார்ப்பவர்களுக்கு, கொலம்பியாவின் கோலடிக்கும் முன்கள வீரர் (ஸ்ட்ரைக்கர்) ரதாமெல் ஃபால்காவோ என்றால் இந்த இரண்டு வருடம்தான் நினைவுக்கு வரும். 13 வயதில் ஆட வந்து 38 வயது தாண்டியும் ஆடிய ஒருவரை இந்த இரண்டு வருடத்தை வைத்து எடை போடுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த வீழ்ச்சிக்கு முன்னால் அவர் அடித்த கோல்களை எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் எழுந்து வந்த விதத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கொலம்பியாவின் கரீபியக் கரையில் உள்ள சாந்தா மார்ட்டாவில் 1986 பிப்ரவரி 10 அன்று பிறந்தவர். கொலம்பியக் கால்பந்தின் பழைய நட்சத்திரம், சுருட்டை முடி வால்டெர்ராமாவுக்கும் அதே ஊர்தான். அப்பாவும் தொழில்முறை ஆட்டக்காரர், டிஃபென்டர், அதாவது எதிரணியைக் கோல் அடிக்க விடாமல் தடுப்பவர். பிரேசிலின் நடுக்கள வீரர் ஃபால்காவோ மேல் இருந்த அபிமானத்தில் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். டிஃபென்டரின் மகன் என்பது சும்மா சொல்லும் தகவல் இல்லை. எதிரணி டிஃபென்டர் எந்த நொடியில் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்புவான் என்பது ஃபால்காவோவுக்கு அத்துப்படி. அந்த நொடியில்தான் நகர்வார்.

1999இல் கொலம்பியாவின் இரண்டாம் டிவிஷனில் லான்செரோஸ் போயாக்கா அணிக்காக இறங்கியபோது அவருக்கு வயது 13. பதினைந்து வயதில் வீட்டை விட்டு புவனோஸ் அயர்ஸ் போனார், ரிவர் பிளேட்டின் இளையோர் அணிக்கு. ‘எல் திக்ரே’, அதாவது புலி என்ற பட்டப்பெயர் அங்கே கிடைத்ததுதான். 2005இல் பெரியவர்கள் அணியில் கோல் அடிக்க ஆரம்பித்த சில மாதங்களிலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. கால்பந்து உலகமே பயப்படும் ஏசிஎல் காயம். தேறி வரும்போது 2006 ஜனவரியில் அதே இடத்தில் மறுபடியும் அடி. அந்த வருடத்தின் பெரும்பகுதி போயிற்று. இருபது வயதுகூட நிரம்பாத பையனுக்கு இது நடந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அர்ஜென்டினாவின் தியேகோ சிமியோனே பயிற்சியாளராக இருந்தபோது 2008இல் ரிவர் லீக்கை வென்றது. 2009இல் போர்ச்சுகலின் போர்ட்டோ ஃபால்காவோவை வாங்கியது. லிசாண்ட்ரோ லோபஸ் லியோனுக்குப் போன இடத்துக்கு வந்தவர். சில மில்லியன் யூரோதான் விலை, அதுவும் முதலில் வாங்கியது அவருடைய உரிமையில் அறுபது சதவீதத்தை மட்டும். ஆட்டக்காரரின் ‘உரிமை’யைப் பங்கு பங்காகப் பிரித்து விற்பது அப்போது தென் அமெரிக்காவில் சகஜம். பிற்பாடு ஃபிஃபா அதற்குத் தடை போட்டது.

போர்ட்டோவில் இரண்டு சீசன், 87 ஆட்டம், 72 கோல். ஐரோப்பிய கிளப்புகளுக்குச் சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த போட்டியான யூரோப்பா லீக்கில், 2010–11இல் மட்டும் 17 கோல். ஜெர்மனியின் கிளின்ஸ்மன் வைத்திருந்த 15 கோல் சாதனை அதோடு உடைந்தது. அரையிறுதியில் வில்லாரியலுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு. டப்ளினில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிராகாவுக்கு எதிராக ஒரே கோல், அதுவும் அவருடையது. சக கொலம்பியர் குவாரின் வலது பக்கத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்தைத் தலையால் முட்டினார். இவர் உயரம் 177 செ.மீ. தான். அந்த உயரத்தில் காற்றில் இப்படி ஆண்ட ஸ்ட்ரைக்கரை நான் வேறு பார்த்ததில்லை. மற்றவர்கள் பந்து வந்த பிறகு குதிப்பார்கள். இவர் அரை நொடி முன்பே எழும்பி, பந்து வரும்வரை மேலேயே இருப்பதுபோல் தோன்றும்.

2011 ஆகஸ்டில் நாற்பது மில்லியன் யூரோவுக்கு அட்லெட்டிகோ மாட்ரிட். அகுவேரோ விட்டுப்போன இடம், லேசான பாரம் இல்லை. டிசம்பரில் சிமியோனேயும் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார்.

2012 மே 9, புக்கரெஸ்ட்டில் யூரோப்பா லீக் இறுதி, எதிரணி அத்லெட்டிக் பில்பாவோ. ஏழாவது நிமிடம். பெனால்ட்டி பெட்டியின் வலது மூலையில் பந்து அவர் காலுக்கு வருகிறது. எதிரே அமோரெபியேட்டா. ஃபால்காவோ உள்ளே போவதுபோல் ஒரு அசைப்பு, நிறுத்தம், மறுபடி இடது காலுக்கு மாற்றி வளைத்து ஒரு அடி. பந்து தூரத்து மேல் மூலைக்குள் போய் விழுந்தது. கோல்கீப்பர் பாய்ந்தார், எட்டவில்லை. அரை மணி நேரம் தாண்டியதும் இரண்டாவது. பெட்டிக்குள் பந்தை வாங்கி, பாதத்தால் பின்னால் இழுத்தார். டிஃபென்டர் வழுக்கிக்கொண்டு போய்விட, மறுபடியும் இடது கால். வலது கால்காரர் என்று பேர், ஆனால் பெரிய ஆட்டங்களில் இடது காலால் அடித்தவை எத்தனை! 3–0 என்று முடிந்தது. அடுத்தடுத்த இரண்டு வருடம், இரண்டு வெவ்வேறு கிளப்புக்காக, அதே கோப்பை, அதே போட்டியின் அதிக கோல் அடித்தவர்.

அந்த ஆகஸ்ட் கடைசியில், சாம்பியன்ஸ் லீக்கை வென்ற அணியும் யூரோப்பா லீக்கை வென்ற அணியும் ஆடும் சூப்பர் கோப்பையில் செல்சியோடு மோதியதை நான் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தேன். சாம்பியன்ஸ் லீக்கை வென்று மூன்று மாதம் சொச்சமே ஆன செல்சி. இடைவேளைக்குள் ஹாட்ரிக் அடித்துவிட்டார். பீட்டர் செக் மாதிரி ஒரு கோல்கீப்பர் மேல் முதல் கோலை அவ்வளவு மெதுவாகத் தூக்கிப் போட ஒரு தைரியம் வேண்டும். 4–1. டிசம்பரில் டெப்போர்ட்டிவோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல். 2013 மே மாதம் ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரே இறுதியில், ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானமான பெர்னபேயுவிலேயே அவர்களை 2–1 என்று வென்றது அட்லெட்டிகோ. 1999க்குப் பிறகு அதுவரை ரியலை அட்லெட்டிகோ வென்றதே இல்லை. அன்று அவர் கோல் அடிக்கவில்லை. தியேகோ கோஸ்டாவின் கோலுக்கு, இரண்டு பேரைச் சமாளித்துப் பந்தைத் திறந்து கொடுத்தவர் அவர்.

அப்புறம் மொனாக்கோ. இரண்டாம் டிவிஷனிலிருந்து அப்போதுதான் மேலே வந்த கிளப், பின்னால் ஒரு ரஷ்யக் கோடீஸ்வரர், விலை அறுபது மில்லியன் என்றார்கள். சாம்பியன்ஸ் லீக்கில் ஆடாத கிளப்புக்கு உச்சத்தில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் போனதைப் பணத்தாசை என்று பலர் திட்டினார்கள். எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் கடனில் இருந்த அட்லெட்டிகோவுக்கும் அவரை விற்க வேண்டியிருந்தது என்பதைத் திட்டுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

2014 ஜனவரி 22. பிரெஞ்சுக் கோப்பையில் நான்காம் மட்டத்து அணி ஒன்றோடு ஆட்டம். பெட்டிக்குள் ஒரு தடுப்பு, இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. உலகக் கோப்பைக்கு ஐந்து மாதம்கூட இல்லை. 1998க்குப் பிறகு கொலம்பியா தகுதி பெற்ற முதல் உலகக் கோப்பை. அதற்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனதே இவர்தான். தகுதிச் சுற்றில் ஒன்பது கோல். பாரன்கியாவில் சிலிக்கு எதிராக 0–3 என்று பின்தங்கியிருந்து 3–3 ஆக்கிய ஆட்டத்தில் கடைசி இரண்டு கோலும் இவர் அடித்த பெனால்ட்டிகள். போர்ட்டோவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு கடைசி வரை போராடினார். ஜூன் 2 அன்று கொலம்பியப் பயிற்சியாளர் பெக்கர்மன் அறிவித்த அணியில் பெயர் இல்லை. கொலம்பியா கால் இறுதி வரை போனது, சக வீரர் ஹாமெஸ் ஆறு கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார். இவர் வெளியே இருந்து பார்த்தார்.

இப்போது உங்கள் இங்கிலாந்துக்கு வருகிறேன். அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் சொச்சத்தில் யுனைடெட்டுக்கு லோனில், அதாவது இரவலாக, போனார். ஃபால்காவோவின் ஆட்டமே முதல் இரண்டு அடி வேகத்திலும் எழும்பும் நேரத்திலும் இருந்தது. முழங்காலை நம்பாத ஸ்ட்ரைக்கருக்கு அந்த இரண்டும் முதலில் போகும். 2015 மார்ச்சில் அவரை 21 வயதுக்குட்பட்டோர் அணியில் இறக்கினார்கள். இரண்டு வருடம் முன்பு உலகமே கொண்டாடியவர். முகம் சுளிக்காமல் ஆடினார். செல்சியில் மறுபடி காயம், பெஞ்ச். அவ்வளவுதான் இங்கிலாந்து.

2016இல் மொனாக்கோ திரும்பியபோது அவரை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. பயிற்சியாளர் ஜார்டிம் அவர் கையில் கேப்டன் பட்டையைக் கொடுத்தார். சுற்றிலும் பொடியன்கள்: எம்பாப்பே, பெர்னார்டோ சில்வா, லெமார், ஃபபின்யோ. பழைய ஃபால்காவோ தனியாக ஓடிப்போய் முடிப்பவர். புது ஃபால்காவோ டிஃபென்டர்களைத் தன் பக்கம் இழுத்து எம்பாப்பேக்கு இடம் உண்டாக்கினார், ஒரு தொடுதலில் பந்தை விட்டார், பெட்டிக்குள் மட்டும் பழைய புலியாக இருந்தார். லீக்கில் 21 கோல், மொத்தம் 30. நான்கு வருடமாகப் பட்டத்தை விடாத பிஎஸ்ஜியைத் தாண்டி, 95 புள்ளிகளோடு மொனாக்கோ சாம்பியன். கிளப்புக்கு 2000க்குப் பிறகு முதல் பட்டம்.

2017 பிப்ரவரி 21, சாம்பியன்ஸ் லீக், மான்செஸ்டர் சிட்டி மைதானம். தன்னை முடிந்துபோனவர் என்று சொன்ன அதே ஊர். ஃபபின்யோ போட்ட கிராஸுக்குத் தாவி விழுந்து ஒரு ஹெடர். இடைவேளைக்குப் பிறகு பெனால்ட்டியைத் தவறவிட்டார், சிட்டி கோல்கீப்பர் கபாயேரோ பிடித்துவிட்டார். பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும், ஜான் ஸ்டோன்ஸைத் தோளால் சமாளித்து முன்னேறி, அதே கபாயேரோவின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி உள்ளே இறக்கினார். ஆட்டத்தை 5–3 என்று சிட்டி வென்றது. மறு ஆட்டத்தில் மொனாக்கோ 3–1 என்று ஜெயித்தது. மொத்தம் 6–6, ஆனால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த கணக்கில் மொனாக்கோ மேலே போனது. என்னைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது கோல் சூப்பர் கோப்பை ஹாட்ரிக்கைவிட ஒரு படி மேல்.

உலகக் கோப்பைக் கணக்கும் தீர்ந்தது. 2018 ஜூன் 24, கசான், எதிரணி போலந்து. குவின்டேரோவின் பாஸை வாங்கி, வலது பாதத்தின் வெளிப்புறத்தால் தள்ளினார். 32 வயதில் முதல் உலகக் கோப்பை கோல். அடுத்த சுற்றில் இங்கிலாந்தோடு பெனால்ட்டி வரை போய்க் கொலம்பியா தோற்றது. முதல் பெனால்ட்டியை அடிக்க வந்தவர் இவர்தான், உள்ளே போட்டார். நாட்டுக்காக 36 கோல். முன்பு சாதனை வைத்திருந்த இகுவரானின் 25ஐத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டார்.

பிறகு துருக்கியின் கலாட்டாசராய், காயங்களோடு இரண்டு சீசன். 2021இல் மாட்ரிட்டின் உழைப்பாளிகள் பகுதியான வயேகாஸில் இருக்கும் ராயோ வயேகானோ. மூன்று பக்கம் மட்டும் கேலரி உள்ள மைதானம். அங்கே 3ஆம் எண் சட்டை. அந்த அக்டோபரில் பார்சிலோனாவுக்கு எதிராக, பிக்கேயைத் தாண்டி உள்ளே வந்து ஒரே கோல், 1–0. அன்றிரவே பார்சிலோனா பயிற்சியாளர் கூமனின் வேலை போனது.

2024இல் போகோட்டாவின் மியோனாரியோஸில் சேர்ந்தார், சிறுவயதில் அவர் ரசித்த கிளப். எட்டு வெளிநாட்டுக் கிளப்புகளில் ஆடி முடித்து, சொந்த நாட்டின் முதல் டிவிஷனில் முதல் தடவையாக இறங்கியபோது வயது 38.