பாறையில பேர் எழுதுறவனும், அதை அழிக்கப் போறவனும்

அண்ணே வணக்கம்,

நான் மதுரை, வேலை பெங்களூர்ல. போல்டரிங், அதாவது கயிறு இல்லாம சின்னப் பாறைகள்ல ஏறுற குரூப் ஒண்ணுல இருக்கேன். போன மாசம் ஹம்பில நாங்க வழக்கமா ஏறுற பாறைல நீல ஸ்ப்ரே பெயிண்ட்ல ஹார்ட் போட்டு எவனோ ரெண்டு பேரோட பேரை எழுதி வச்சிருக்கான், அதுவும் சரியா கை வைக்கிற எடத்துல. செம கடுப்பு. அடுத்த தடவை கம்பி பிரஷ், தின்னர் எல்லாம் எடுத்துட்டுப் போறதா பிளான், பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்போ பழைய கல்வெட்டு இருக்கிற மாங்குளம் சமணர் குகைப் பக்கமும் ஒரு க்ளீனிங் போடலாம்னு இருக்கோம். குரூப்ல ஒருத்தன் மட்டும், "அன்னைக்கு எழுதினா கல்வெட்டு, இன்னைக்கு எழுதினா கிறுக்கலா? 2000 வருஷம் போனா இதுவும் கல்வெட்டுதான்"ங்கிறான். அவனுக்கு என்ன சொல்றது?

ஆர்.

தம்பி,

கோவம் நியாயம்தான், ஆனா அந்த கம்பி பிரஷ்ஷை வீட்டுலயே வச்சிட்டுப் போங்க. கிரானைட்டுக்கு மேல வெயிலும் மழையும் சேர்ந்து பழுப்பா ஒரு தோல் மாதிரி உண்டாக்கி வச்சிருக்கும், அதுமேல பாறைப்பாசி வேற பத்தை பத்தையா ஒட்டியிருக்கும், அதுல பல வகை வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெருசு. நீங்க கம்பியால தேச்சா பெயிண்ட்டோட அந்தத் தோலும் சேர்ந்து போயிடும், நீல எழுத்து இருந்த எடத்துல வெளுப்பா அதே ரெண்டு பேர் தெரியும், பெயிண்ட்டாவது வெயில்ல மங்கும், இது மங்காது. பிரஷ்ல இருந்து உதிர்ற இரும்புத்தூள் துருப்பிடிச்சு கறை விடுறது தனி. தின்னர் இன்னும் மோசம், பெயிண்ட்டைக் கரைச்சு பாறையோட நுண்துளைக்குள்ள இழுத்துட்டுப் போயிடும். பாதாமி மாதிரி மணற்கல்லுன்னா இன்னும் யோசிக்கணும்.

அப்போ என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. தண்ணில கழுவுற டைப் ஜெல் ரிமூவர் இருக்கு, அதை மூலைல ஒரு விரலகலத்துக்குத் தடவிப் பாத்து, பாறை நிறம் மாறலைன்னா மட்டும் நைலான் பிரஷ்ஷால மெதுவா தேய்ங்க, கழுவுற தண்ணி கீழ ஓடாம துணில ஒத்தி எடுங்க. ஒரு ஹார்ட்டுக்கு அரை நாள் ஆகும், சலிப்பாத்தான் இருக்கும். கீறி எழுதினதைத் தொடவே தொடாதீங்க, அதைத் தேச்சு சமமாக்குறேன்னு போனா பள்ளம்தான் பெருசாகும். 2019ல ஹம்பில ஒரு தூணைத் தள்ளி விட்ட பசங்களை கோர்ட் என்ன பண்ணுச்சுன்னு ஞாபகம் இருக்கா, ஆளுக்கு 70,000 ரூபா அபராதம், அந்தத் தூணை அவங்க கையாலயே திரும்ப நிக்க வைக்கச் சொல்லுச்சு. தூணை நிறுத்திடலாம், பாறையோட தோலை எவன் திரும்ப ஒட்டுறது?

பாதுகாக்கப்பட்ட சின்னம்னு போர்டு இருக்கிற எடத்துல நீங்க நல்ல மனசோட தேச்சாலும் சட்டம் ஒண்ணுதான். பழைய சின்னங்களைப் பாதுகாக்குற 1958 மத்திய சட்டத்தை 2010ல திருத்தினப்புறம் ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. அதனால மாங்குளம் பிளானை விட்ருங்க, தொல்லியல் துறைக்கு போட்டோவோட எழுதிப் போடுங்க, பதில் வர லேட்டாகும், வராமலும் போகலாம், ஆனாலும் அதான் வழி. ஹம்பிலயும் ஆத்துக்கு அந்தாண்ட ஆனேகுந்திப் பக்கம் பாறைல செங்காவில வரைஞ்ச பழைய ஓவியங்கள் இருக்கு, மங்கிப்போன செவப்புக் கறைன்னு நெனச்சு எவனாவது பிரஷ் போட்டான்னு வைங்க, முடிஞ்சது கதை.

அந்த போட்டோவை இன்ஸ்டால போட்டு திட்டாதீங்கன்னும் சொல்லிக்கிறேன். அமெரிக்கால ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கால ராட்டில்ஸ்நேக் கேன்யன்ல கொஞ்சமா ஆரம்பிச்ச கிறுக்கல், நெட்ல படம் பரவப் பரவ ஆள் ஆளுக்கு வந்து எழுதி, 2013ல அந்தப் பகுதியையே மூடிட்டாங்க. ஏற வந்தவனுக்கும் சேத்துத்தான் பூட்டு.

கை வழுக்காம இருக்கப் பூசுற சாக் பொடியால நீங்க ஏறிட்டு விட்டுட்டுப் போற வெள்ளைக் கோடுகளையும் கொஞ்சம் பாருங்க தம்பி. கீழ நிக்கிற ஊர்க்காரருக்கு நீலமும் வெள்ளையும் ஒண்ணுதான். ஜெர்மனில எல்பே மணற்கல் மலைல சாக்கே கூடாது, வெறுங்கைலதான் ஏறுறாங்க.

உங்க ஃப்ரெண்டு கேட்டது வெட்டிக் கேள்வி இல்ல. மாங்குளத்துலயும் பேர்தான் வெட்டியிருக்கு, மறுக்க முடியாது. ஆனா அதை முழுசாப் படிச்சா, கணி நந்தன்ங்கிற துறவிக்கு நெடுஞ்செழியனோட அலுவலன் கடலன் வழுதி செஞ்சு குடுத்த பள்ளி, அதாவது துறவிங்க தங்குற எடம்னு இருக்கு. யார், யாருக்கு, என்ன குடுத்தாங்கன்னு இருக்கு. மழைத்தண்ணி உள்ள வராம குகை நெத்தில காடி வெட்டி, படுக்க எடம் செதுக்கி, அதுக்கான ரசீதைத்தான் அங்கயே வெட்டி வச்சாங்க. அந்த ஹார்ட்டுக்காரன் அங்க யாருக்கு என்ன பண்ணிக் குடுத்தான்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. இன்னொண்ணு, மலைல அவ்ளோ வெத்துப்பாறை கெடந்தும் நம்மாளு தேடிப் போய் பழைய எழுத்துக்கு மேலதான் கீறுறான். 2000 வருஷம் கழிச்சு வர்றவன் எதைப் படிக்கிறதாம்?