புது வீட்டு ஹாலில் எத்தனை டவுன்லைட் பதிக்கலாம், எங்கே பதிக்கலாம்?

ஹால் 16க்கு 13 அடி, ஃபால்ஸ் சீலிங் போடப்போகிறோம், எலக்ட்ரீஷியன் 12 டவுன்லைட் (சீலிங்கில் பதித்துக் கீழ்நோக்கி ஒளிரும் விளக்கு) என்கிறார், சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கை கடைசியில் தானாக வரும். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: சோபா எங்கே வரப்போகிறது?

சம்பந்தமில்லாத கேள்வி இல்லை. நான் வீடு கட்டியபோது சீலிங்கை மட்டுமே பார்த்தேன். வரைபடத்தில் வரிசைக்கு நான்காக மூன்று வரிசை, கோலப்புள்ளி மாதிரி அழகாக இருந்தது. குடிபோன பிறகுதான் தெரிந்தது, சோபாவில் சாய்ந்தால் ஒரு விளக்கு நேராகக் கண்ணில் குத்துகிறது. இரண்டு விளக்கு ஃபேன் றெக்கைக்கு மேலேயே மாட்டிக்கொண்டன. ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் அறை முழுக்க வெளிச்சம் வெட்டி வெட்டித் துடித்தது. "தலை சுத்துதுடா, அந்த ரெண்டையும் அணைச்சுத் தொலை" என்றார் அம்மா. தனியாக அணைக்க முடியாது, பன்னிரண்டுக்கும் ஒரே சுவிட்ச். அதுவும் என் ஏற்பாடுதான்.

அதனால் முதலில் தரையில் சாமான்களை வரையுங்கள். வெளிச்சம் எதன்மேல் விழ வேண்டும் என்று குறியுங்கள்: டீப்பாய், புத்தக அலமாரி, சுவரில் மாட்டப்போகும் படம், வாசலில் செருப்பு கழற்றும் இடம். சீலிங்கில் ஓட்டை அதற்கேற்ப விழட்டும். அண்ணாந்து பார்த்தால் வரிசை கொஞ்சம் கோணலாகத் தெரியலாம். வீட்டில் யாரும் அண்ணாந்துகொண்டே நடப்பதில்லை.

ஃபேனுக்கு ஒரு கணக்கு உண்டு. 1200 மி.மீ. ஃபேனின் றெக்கை நுனி, மையத்திலிருந்து இரண்டு அடியில் இருக்கும். வெளிச்சத்தை அகலமாகப் பரப்பும் தட்டை வகை விளக்கானால் நுனியிலிருந்து இன்னும் இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். ஒளி குவிந்து இறங்கும் ஸ்பாட் வகைக்கு அவ்வளவு இடைவெளி தேவையில்லை.

ஒளி எவ்வளவு விரியும் என்பது பெட்டியில் டிகிரியில் போட்டிருக்கும். விளக்கிலிருந்து 2 மீட்டர் கீழே, 24 டிகிரி விளக்கு சுமார் 85 செ.மீ. அகல வட்டம் போடும். 36 டிகிரி 1.3 மீட்டர், 60 டிகிரி 2.3 மீட்டர். படத்துக்கும் அலமாரிக்கும் 24 அல்லது 36, பொது வெளிச்சத்துக்கு 60 அல்லது அதற்கு மேல். இதைப் பார்க்காமல் வாட்டை மட்டும் கேட்டு வாங்கினால், தரையில் வட்டம் வட்டமாக வெளிச்சமும் நடுவில் இருட்டும்தான் மிஞ்சும். கண் கூசக்கூடாது என்றால், பல்பு விளிம்பைவிட நன்றாக உள்ளே தள்ளி இருக்கும் மாடலாகப் பாருங்கள். சுவரை ஒட்டிப் போடுவதை இரண்டு, இரண்டரை அடி தள்ளிப் போடலாம். ரொம்ப நெருங்கினால் பூச்சு வேலையின் மேடு பள்ளம் அத்தனையும் நிழலாகக் காட்டிக்கொடுத்துவிடும். மேஸ்திரிக்கும் உங்களுக்கும் தேவையில்லாத மனஸ்தாபம்.

நிறம் உங்கள் விருப்பம். 3000 கெல்வின் மஞ்சள் கலந்தது, 4000 நடுவாந்திரம், 6500 நீலம் பாய்ந்த வெள்ளை. ஒரே அறையில் இரண்டு நிறத்தைக் கலக்காதீர்கள், அவ்வளவுதான். நிறங்களை உள்ளபடி காட்டும் குறியீடு (சி.ஆர்.ஐ.) 90 உள்ளதாகக் கிடைத்தால் எடுங்கள். 80ல் துணியின் சிவப்பும் முகத்தின் நிறமும் கொஞ்சம் செத்துத் தெரியும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சமையலறையைச் சொல்லிவிடுகிறேன், பலர் சறுக்குவது அங்கேதான். அறையின் நடுவில் விளக்கு போட்டால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நறுக்கும் பலகைமேல் உங்கள் தலை நிழல்தான் விழும். மேடை இரண்டு அடி அகலம் என்றால், மேடையின் முன்விளிம்புக்கு நேர்மேலே வரும்படி வையுங்கள். மேலே அலமாரி தொங்குகிறதென்றால் அதன் அடியில் எல்.இ.டி. பட்டை ஒட்டுவதே மேல். குளியலறையில் ஷவருக்குப் பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சினாலும் உள்ளே புகாத, ஐபி65 என்று போட்டதைத்தான் மாட்ட வேண்டும்.

இனி வேலை நடக்கும்போது. ஜிப்சம் போர்டு மூடுவதற்கு முன், போர்டைத் தாங்கும் கம்பிச் சேனல் ஓடும் இடங்களை டேப் வைத்து அளவு தெரியும்படி படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓட்டை போடும் வட்ட ரம்பம் (ஹோல் சா) நேராகச் சேனலில் போய் நிற்கும். சேனலை வெட்டி வழி பண்ணினால் போர்டு தொய்யும். விளக்கின் வெளி வட்டமும் ஓட்டையின் அளவும் ஒன்றல்ல. ஓட்டை அளவு பெட்டியில் தனியாக இருக்கும், அதைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். சீலிங்கின் உள்வெளி எவ்வளவு என்பதையும் விளக்கின் உயரத்தை அளந்து முடிவுசெய்யுங்கள், மேலே ஓரிரு அங்குலம் காற்றுக்கு விட்டு. எல்.இ.டி.யின் சூடு பின்பக்கமாகத்தான் போகிறது. வெயில் சூட்டைத் தடுக்க மேலே பஞ்சு விரித்து மூடினால் முதலில் சாவது டிரைவர், அதாவது எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பாகம். பஞ்சு விரித்தே ஆகவேண்டும் என்றால், அதன் அடியில் வைக்கலாம் என்று தயாரிப்பாளரே குறித்த விளக்குதான் வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் கான்கிரீட் தளத்திலேயே பதிக்கும் எண்ணமிருந்தால், அதற்கான பெட்டியைத் தளம் போடுவதற்கு முன்பே பலகைமேல் வைத்துவிட வேண்டும். தளம் இறுகிய பிறகு கொத்தாதீர்கள், உள்ளே கம்பி ஓடுகிறது. தவறவிட்டால் வெளியே ஒட்டும் வகை விளக்கே போதும்.

வயரிங் எலக்ட்ரீஷியன் வேலை, ஆனால் மூன்று விஷயத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சுவிட்ச் வழியாகப் போவது ஃபேஸாக இருக்க வேண்டும். நியூட்ரலை வெட்டினால் விளக்குக்குள் எப்போதும் மின்சாரம் நிற்கும், அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுக்கலாம். (இண்டிகேட்டர் உள்ள சுவிட்சாலும் அந்த மினுக்கல் வரும், பேய் இல்லை.) டிரைவர் தனியாக வரும் விளக்கில், முதலில் விளக்கை டிரைவரோடு சேர்த்துவிட்டு அப்புறம் மின்சாரம் கொடுக்க வேண்டும், ஓடும் டிரைவரில் செருகினால் அந்த நொடியே எல்.இ.டி. கருகலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைப்பதானால், டிரைவரும் டிம்மருக்கு ஏற்றது என்று போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் துடிக்கும்.

இரண்டு விளக்கு கூடுதலாக வாங்கி மூட்டை கட்டி வையுங்கள். மூன்று வருஷம் கழித்து ஒன்று போனால் அதே மாடல் கிடைக்காது, புதியது பழைய ஓட்டையில் உட்காராது. என் ஹாலில் ஒரு விளக்கு இன்றும் மற்றவற்றோடு ஒட்டாமல் விழித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் 12. ஹால் ஏறக்குறைய 19 சதுர மீட்டர். லூமென் என்பது ஒளியின் அளவு, லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென். பொது வெளிச்சத்துக்கு 150 லக்ஸ் வைத்தால் சுமார் 2,900 லூமென் கீழே வந்து சேர வேண்டும். சுவரும் சாமானும் தின்றது போக அது கிடைக்க, 4,800 அளவுக்கு விளக்குகள் கொடுக்க வேண்டும். 10 வாட் நல்ல விளக்கு ஒன்று 900 லூமென் தரும். ஆக ஆறு போதும். சுவர்ப் படத்துக்கு இரண்டு சின்ன ஸ்பாட் சேர்த்தால் எட்டு, மூன்று சுவிட்சாகப் பிரித்து.

ஓட்டை போடும் நாளுக்கு முந்தின ராத்திரி, ஒரே ஒரு விளக்கைத் தற்காலிக வயரில் குறித்த இடத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். சோபா வரப்போகும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டுச் சாய்ந்து பாருங்கள். கண் கூசினால் பென்சில் குறியை அழித்து ஓர் அடி தள்ளிப் போட்டால் முடிந்தது.