அந்தோனியார் கோபிக்க மாட்டார், தங்கச்சி

கேள்வி:
அக்கா, எனக்கு 28 வயது. பாசையூரில் இருக்கிறேன். ஏ.எல் இரண்டு தரம் எடுத்தும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதியலாமா என்று யோசனை, ஆனால் வயது போய்விட்டதே என்று பயமாகவும் இருக்கிறது. தவக்காலத்தில் சுவாமி பிரசங்கத்தில் ஆளுக்கொரு புனிதரை வழிகாட்டியாக எடுக்கச் சொன்னார். வீட்டில் இருந்த சரித்திரப் புத்தகங்களை எடுத்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க மனம் விழுந்துபோனதுதான் மிச்சம். ஒருவர் பால்குடிப் பருவத்திலேயே உபவாசம் இருந்தாராம்! எனக்கோ செபமாலையில் மூன்றாவது பத்து மணி தாண்டுவதற்குள் நித்திரை வந்துவிடும். தம்பி போனில் சத்தமாக வீடியோ போட்டால் சன்னதம் ஆடுவேன். உண்மையைச் சொன்னால் எனக்குத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகளைத்தான் பிடிக்கும். ஆனால் அவர் புனிதர் இல்லையே. அம்மா, ‘எங்கள் வீட்டுக்கு அந்தோனியார் இருக்கிறார், நீ வேறு ஆளைத் தேடித் திரியாதே’ என்கிறா. நான் என்ன செய்ய?

பதில்:
தங்கச்சி, அந்தப் பால் குடிக்காத பிள்ளையை முதலில் ஒரு பக்கம் வைப்போம். அது மீரா நகர ஆயர் நிக்கொலாசைப் பற்றிச் சொல்கிற பழங்கதை, புதனும் வெள்ளியும் ஒரு தரம் மட்டும்தான் பால் குடித்தாராம் (நத்தார் பாப்பாவாக மாறினவரும் இவர்தான், ஆளைச் சுற்றிக் கதைக்குக் குறைவில்லை). நம் வீடுகளில் கிடக்கிற மெல்லிய சரித்திரப் புத்தகங்களில் பாதி இப்படித்தான் இருக்கும். பிறக்கும்போதே ஒரு அடையாளம், சாகும்போது ஒரு நறுமணம், நடுவில் இருபது முப்பது வருடத்தை இரண்டு பந்தியில் முடித்துவிடுவார்கள். எழுதினவர்கள் பக்தியில்தான் எழுதினார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது அந்த நடுப்பகுதி.

இப்படிப் புனிதர் சரித்திரம் வாசித்து வாழ்க்கை மாறின ஆள் ஒருவர் இருக்கிறார், அவருடைய கதை உங்களுக்கு நேராகவே பொருந்தும். லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் சிதைந்து வீட்டில் படுத்துக் கிடந்தபோது, வாசிக்க வீரர்களின் காதல் கதைப் புத்தகம் கேட்டார். வீட்டில் அது இல்லை. இருந்தது கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் சரித்திரமும்தான். வேறு வழியில்லாமல் வாசித்தார். பிரான்சிஸ் செய்ததை நான் செய்தால் என்ன, தொமினிக் செய்ததை நான் செய்தால் என்ன என்று எண்ணம் ஓடத் தொடங்கியது. நன்றாகத்தானே போகிறது என்பீர்கள். பிறகு மன்ரேசாவுக்குப் போய் அந்தப் புனிதர்களையே தோற்கடிப்பது போல இறங்கினார்: முடி வெட்டுவதில்லை, நகம் வெட்டுவதில்லை, நாள் கணக்கில் சாப்பாடில்லை. என்ன ஆனது? வயிறு கெட்டு ஆயுள் முழுக்க வருத்தம். செய்த பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, மன்னிப்புக் கிடைத்ததா இல்லையா என்று மண்டையைக் குடைந்து, ஒரு கட்டத்தில் உயிரை மாய்த்துவிடலாமா என்ற நினைப்பு வரைக்கும் போனார். இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தன்னோடு சேர்ந்தவர்களுக்கு அந்த மாதிரிக் கடுந்தவத்தை அவர் சிபாரிசு செய்யவும் இல்லை.

ஆக, புனிதர் ஒருவரை முழுசாகத் தூக்கித் தலையில் வைத்தால் புனிதருக்கே கழுத்து முறிகிறது. நீங்கள் மனம் விழுந்துபோனதில் அதிசயமே இல்லை.

நான் சொல்வது வேறு. அவர்கள் எதைச் சாதித்தார்கள் என்று பார்க்காதீர்கள், எங்கே மாட்டுப்பட்டு நின்றார்கள் என்று பாருங்கள். நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில் முன்பு நின்ற ஆள் யார்? அவர்தான் உங்கள் ஆள். அந்த ஒரு இடத்தை மட்டும் எடுங்கள். மிச்சத்தை விடுங்கள்.

இஞ்ஞாசியாரிடமே அப்படி ஒரு இடம் உண்டு. உபவாசத்தை விடுங்கள். 1524இல், 33 வயதில், பார்சிலோனாவில் சின்னப் பெடியன்களோடு ஒரே வகுப்பில் குந்தியிருந்து லத்தீன் இலக்கணம் படித்தார். படைவீரன், நொண்டுகிற கால், பக்கத்தில் இருப்பவனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. பரிஸ் நகரத்தில் பட்டம் எடுத்து முடிக்கும்போது நாற்பது தாண்டிவிட்டது. வெளிவாரிப் பட்டத்துக்கு 28 பெரிய வயதா?

28 என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறார். அகுஸ்தினார் 28 வயதில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? கார்த்தேஜில் பேச்சுக்கலை படிப்பித்துக்கொண்டு, மனிக்கேயர் என்ற கூட்டத்தோடு ஒன்பது வருடம் அலைந்துவிட்டு, தன் சந்தேகங்களுக்கெல்லாம் பவுஸ்துஸ் என்ற பெரிய ஆசான் வந்து பதில் சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆசான் வந்தார். பேச்சு இனிமை, ஆள் நல்லவர், கையில் பதில் மட்டும் இல்லை. கொஞ்ச நாளில் தாய் மோனிக்காவிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடிரவாக ரோமுக்குக் கப்பலேறினார், விடிந்தபோது அந்த மனுசி கடற்கரையில் நின்று அழுதா. (இந்த இடத்தை நம் ஊர் அம்மாமாருக்கு விளக்கத் தேவையில்லை.) திருமுழுக்கு 387இல்தான், 32 வயதில். பொய் சொன்னதைப் பின்பற்றுங்கள் என்று சொல்லவில்லை! அந்த வயதில் ஒன்றுமே தெளியாமல் நிற்பது ஒரு கேடு இல்லை என்று சொல்கிறேன்.

நித்திரை விசயத்துக்கு வருவோம். லிசியே நகரத்துக் குழந்தை தெரசம்மாள் 15 வயதில் கன்னியர் மடத்துக்குப் போய், காசநோயில் 24 வயதில் 1897இல் இறந்தவ. மடத்தை விட்டு வெளியே போகாத அவவைத்தான் திருச்சபை மறைபரப்பு நாடுகளுக்குப் பாதுகாவலியாக வைத்திருக்கிறது. அந்த அம்மா தன் வரலாற்றில் எழுதுகிறா, தியானத்திலும் நற்கருணை வாங்கின பிறகு நன்றி செலுத்தும்போதும் வருடக்கணக்காகத் தூங்கி விழுந்திருக்கிறாவாம். பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் தாய் தகப்பனுக்கு ஒன்றுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டா. நீங்கள் மூன்றாவது பத்து வரைக்கும் போகிறீர்கள், பரவாயில்லை.

உங்கள் தம்பியின் போனுக்கும் அவவிடம் மருந்து இருக்கிறது. செப வேளையில் பின்னால் இருந்த ஒரு கன்னியாஸ்திரி எந்நேரமும் ஒரு சின்னச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறா. திரும்பி ஒரு பார்வை பார்க்க வேண்டும் போல வரும், பார்க்கக் கூடாது என்று அடக்கி அடக்கி உடம்பெல்லாம் வியர்த்துவிடுமாம். கடைசியில், காதை மூட முடியாது, சரி, இதையே ஒரு கச்சேரி என்று நினைத்துக் கேட்போம் என்று முடிவெடுத்தா. எனக்கு இதில் பிடித்தது அந்த வியர்வைதான். தெரசம்மாளுக்கும் அது சும்மா வரவில்லை. இந்தப் புத்தகம் தமிழிலும் உண்டு, கத்தோலிக்கப் புத்தகக்கடையில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதினதை வாசிப்பதற்கும் அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதினதை வாசிப்பதற்கும் இரவு பகல் வித்தியாசம் இருக்கும்.

நம் மண்ணில் நடந்தவரை எப்படி விடுவது? யோசேவாஸ் முனிவர் இலங்கைக்குப் போக வேண்டும் என்று கோவாவில் கேட்டபோது வயது 30. அனுப்பவில்லை, கன்னடப் பகுதிக்குப் போ என்றார்கள். போனார். இங்கே வந்து சேர்ந்தது 1687இல், 36 வயதில். அதுவும் எப்படி? யாழ்ப்பாணம் 1658இலேயே ஒல்லாந்தர் கையில் விழுந்துவிட்டது, கத்தோலிக்கக் குருவுக்கு இடமில்லை. கூலிக்காரன் வேசத்தில், யோவான் என்ற ஒரு துணையோடு வந்து, வந்த கையோடு வயிற்றோட்டத்தில் விழுந்தார். எழும்பினதும் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தாராம், அதைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்துக் கத்தோலிக்கரைக் கண்டுபிடிக்க. சில்லாலைக்காரர் இன்றைக்கும் அவரைத் தங்கள் ஆள் என்றுதான் சொல்வார்கள். கண்டிக்குப் போன இடத்தில், 1692இல், போர்த்துக்கேய ஒற்றன் என்று மறியலில் போட்டார்கள். 1711இல் கண்டியிலேயே இறந்தார், கோவாவுக்குத் திரும்பிப் போகவே இல்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், அன்றைக்குப் பின்னேரமே பாப்பரசர் மடுவுக்கும் வந்தார். கேட்டது கிடைக்காமல் அந்த இடைப்பட்ட வருடங்களில் வாஸ் முனிவர் சும்மா இருக்கவில்லை, கொடுத்த வேலையைச் செய்தார். கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிற உங்களுக்கு நான் காட்டுகிற இடம் அதுதான், கண்டி இல்லை.

புனிதர் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். சவேரியார் முத்துக்குளித்துறையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்து, மனப்பாடம் செய்த தமிழில் செபம் சொல்லிக் கொடுத்தார், அந்த இடம் அழகு. அதே சவேரியார்தான் 1546இல் போர்த்துக்கல் அரசனுக்குக் கடிதம் எழுதி, கோவாவில் மத விசாரணை மன்றம் (திருச்சபைப் போதனைக்கு மாறாகப் போனவர்களை விசாரித்துத் தண்டிக்கிற நீதிமன்றம்) வேண்டும் என்று கேட்டார். அதை அழகு என்று நான் சொல்ல மாட்டேன்.

தனிநாயகம் அடிகளைப் பிடித்தால் பிடித்ததுதான், அதற்கு யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை. பீடத்தில் சுருவம் வைக்கிறதற்குத்தான் ரோமாபுரியின் தீர்ப்பு வேண்டும், ஒருவரைப் பார்த்து எழும்பி நடப்பதற்கு வேண்டாம். சகல புனிதர் திருநாள் என்று நவம்பர் முதலாம் திகதியை ஒதுக்கி வைத்திருப்பதே பெயர் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தானே. கரம்பொன்னில் 1913இல் பிறந்து, ஆங்கிலத்தில் படித்து, ரோமில் குருவாகி வந்த மனிதர், தன் தமிழ் போதாது என்று விளங்கி, வடக்கன்குளத்தில் படிப்பித்துக்கொண்டே பண்டிதரிடம் பாடம் கேட்டு, 1945இல், முப்பது தாண்டின பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவனாகப் போய்ச் சேர்ந்தார். கோலாலம்பூரில் அவர் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல். நீங்கள் அந்த மாநாட்டைப் பார்த்துத்தான் மலைத்திருப்பீர்கள். நான் சொல்வது, முப்பது தாண்டிப் போய் மாணவர் வரிசையில் நின்ற அந்த முதல் நாளைப் பாருங்கள்.

கடைசியாக அம்மா. அந்தோனியாரை விட்டு வேறு ஆளைத் தேடினால் அவர் கோபிப்பாரா? அவருடைய கதையை அம்மாவிடமே சொல்லுங்கள். லிஸ்பனில் பிறந்த அவருக்கு வீட்டில் வைத்த பெயர் பெர்னாந்து. அகுஸ்தீன் சபையில் குருவாக இருந்தவர், மொறோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220இல் கோயிம்ப்ராவுக்கு வந்தபோது அதைப் பார்த்துச் சபையே மாறினார். மாறும்போது எகிப்து வனத்து அந்தோனியாரின் பெயரையும் எடுத்துக்கொண்டார். அந்த ஐவரைப் போலத் தானும் சாக வேண்டும் என்று மொறோக்கோவுக்குப் போனால் அங்கே காய்ச்சல், திரும்புகையில் காற்று கப்பலைச் சிசிலியில் கொண்டுபோய்த் தள்ளியது. நம் அந்தோனியாரும் பிறரைப் பார்த்துப் புறப்பட்டவர்தான், புறப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேராதவரும்தான். பிறகு போர்லியில் ஒரு குருப்பட்டச் சடங்கில், பிரசங்கத்துக்கு ஒருவரும் ஆயத்தம் இல்லை என்று இவரை எழுப்பிவிட்டார்கள், அன்றைக்குத்தான் இவருக்குப் பேச வரும் என்றே மற்றவர்களுக்குத் தெரிந்தது.

அம்மா மெழுகுதிரி கொளுத்துகிறதும் நீங்கள் வழி தேடுகிறதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு அம்மாவோடு போங்கள், வாதாட வேண்டாம். பதிவு விண்ணப்பத்தை இந்தக் கிழமையே எடுத்து நிரப்புங்கள், முடிவுத் திகதி தாண்டிவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். பாடம் என்ன எடுக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். கணக்கு எழுதுகிற ஆளென்றால் வணிகவியல் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அடிகளைப் பிடித்த பிள்ளை தமிழைத்தான் எடுப்பாள் என்று எனக்கொரு ஐமிச்சம்.