வரிசையை நீட்டினால் சர்வர் பிழைக்குமா?

கேள்வி: மீன் வியாபாரிகள் அன்றைய ஏல விலையைப் பார்க்கவும், ஐஸ் கட்டிக்கு முன்பதிவு செய்யவும் ஒரு செயலியை நடத்தி வருகிறோம். 61 நாள் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி முடிந்து, விசைப்படகுகள் முதன்முதலாகக் கரை திரும்பிய காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் செயலியைத் திறந்ததால், சர்வர் அரை மணி நேரம் முடங்கிவிட்டது. பிறகு கோரிக்கைகள் காத்திருக்கும் வரிசையை நீட்டி வைத்தோம். அடுத்த நெரிசலில் முன்னிலும் அதிக நேரம் முடங்கியது. கூடுதல் சர்வர் வாங்குவது ஒன்றுதான் வழியா?
– வாசகர், மண்டபம்

பதில்: வரிசையை நீட்டியதே வினையாகியிருக்கிறது. உங்கள் சர்வர் ஒரே நேரத்தில் 40 கோரிக்கைகளைக் கவனிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 0.2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 200 கோரிக்கைகளை அது முடிக்கும். விநாடிக்கு 300 வந்தால் 100 தேங்கும். 20 விநாடியில் 2,000 சேர்ந்துவிடும். அப்போது கடைசியில் வந்து நிற்பவர் 10 விநாடி காத்திருக்க வேண்டும். செல்பேசியில் இருக்கும் செயலி 10 விநாடிக்குமேல் பொறுக்காது என்றால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொருவருக்கும் அவர் கிளம்பிப் போன பின்புதான் பதில் தயாராகும். சர்வர் மூச்சைப் பிடித்து உழைத்தாலும் அவ்வளவும் விழலுக்கு இறைத்த நீர்தான். போனவரும் சும்மா இருப்பதில்லை; மறுபடி பொத்தானை அழுத்துவார், 300 என்பது 500 ஆகும்.

இதற்குரிய மருந்து, மின்துறையிலிருந்து பெயரைக் கடன் வாங்கிய ‘லோட் ஷெட்டிங்’. தேவை உற்பத்தியை மிஞ்சி, மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து சரியும்போது, தொகுப்பு முழுவதும் இருண்டுவிடாமல் காக்கச் சில பகுதிகளுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்துவார்கள். (மின்வெட்டைப் பாராட்டி எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை.) அதுபோல, 1 விநாடிக்குமேல் யாரும் காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தால், உங்கள் வரிசையில் 200 பேருக்குமேல் இடமில்லை, 201-ஆவது கோரிக்கைக்கு அந்தக் கணமே, ‘இப்போது முடியாது’ என்று பொருள்படும் 503 என்ற பதில் எண்ணையும், எத்தனை விநாடி கழித்து வரலாம் என்று சொல்லும் ‘ரீட்ரை-ஆஃப்டர்’ குறிப்பையும் தந்து அனுப்பிவிட வேண்டும். மறுப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவாக இருப்பது முக்கியம். கடவுச்சொல்லைச் சரிபார்த்து, தரவுத்தளத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு மறுப்பதானால், அதற்குப் பேசாமல் பதிலையே தந்துவிடலாம்.

யாரை மறுப்பது என்பதில் உங்கள் தொழிலறிவு வேண்டும். பழைய மாதக் கணக்கு, மீன் படங்கள் ஆகியவற்றை முதலில் நிறுத்துங்கள்; விலைப்பட்டியலை 30 விநாடிக்கு முந்தைய நகலிலிருந்து கொடுத்தாலும் பாதகமில்லை; ஐஸ் முன்பதிவையும் பணம் செலுத்தியதன் உறுதிப்பாட்டையும் கடைசி வரை விடாதீர்கள். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க வரும் கோரிக்கையை மட்டும் எந்நிலையிலும் மறுக்கக் கூடாது. மறுத்தால், அந்தச் சர்வர் செத்துவிட்டதாகக் கருதி அதன் சுமையும் மற்றவற்றின் தலையில் ஏற்றப்பட்டு, அவையும் வரிசையாக விழும்.

செயலியின் பக்கமும் வேலை உண்டு. மறுக்கப்பட்டதும் 1, 2, 4 விநாடி என்று இடைவெளியை இரட்டித்து, அதோடு தாறுமாறான ஒரு சிறு நேரத்தையும் கூட்டி அது மறுபடி கேட்க வேண்டும். இல்லையேல் எல்லோரும் ஒரே விநாடியில் திரும்பி வருவார்கள்.

கூடுதல் சர்வர் வாங்குவது தவறில்லை. ஆனால் நெரிசல் தரவுத்தளத்தில் என்றால், முன்னால் சர்வர்களைக் கூட்டுவது அதன் கழுத்தை மேலும் நெரிக்கும்.

கேள்வி: ஒருவர் நிமிடத்துக்கு இத்தனை முறைதான் கேட்கலாம் என்று கட்டுப்படுத்தி, மீறினால் 429 அனுப்புகிறோமே, அது போதாதா?
– வாசகர், கீழக்கரை

பதில்: போதாது. 2012-இல் வரையறுக்கப்பட்ட 429, ‘நீங்கள் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்’ என்று ஒரு தனி ஆளிடம் சொல்வது. 503, ‘என்னால் இப்போது முடியவில்லை’ என்று சர்வர் தன்னைப் பற்றிச் சொல்வது. 5,000 பேர் ஆளுக்கு ஒரே ஒரு முறை கேட்டால் உங்கள் விதியை யாருமே மீறியிருக்க மாட்டார்கள். சர்வர் மட்டும் படுத்திருக்கும்.